நம் கல்லூரியின் முதல் மாணவி

முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரை நான் முதன்முதலில் கண்டது வரலாற்று நூலில் அன்று. என் தமக்கையாரின் மகப்பேறு நிதியுதவி விண்ணப்பத்தில். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவனே. யாரப்பா இந்த டாக்டரம்மா என்று அன்னையார் வினவினார். பத்தாம் வகுப்போடு வரலாற்றுக்கும் குடிமையியலுக்கும் விடைகொடுத்துவிட்ட அறிவியல் மாணவனாகிய எனக்கு விடை தெரியவில்லை. நான் நாள்தோறும் பஸ் ஏறி வந்து படிக்கும் இதே மன்னர் கல்லூரியின் முதல் மாணவி அவர் என்பதைப் பின்னர் நூலகத்தில் அறிந்து நாணினேன்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண், அதிலும் அம்மரபில் பிறந்த பெண், கல்லூரிக்குள் நுழைவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் வந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றார்களாம்! அன்று புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஆணையிட்டார், கதவு திறந்தது. வகுப்பில் அவருக்கெனத் திரை கட்டியிருந்தார்கள் என்று கூறுவர்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். இவையெல்லாம் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் கிடைக்கும். என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது அதற்கடுத்த பகுதியே.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1921இல். சட்டமன்றத்தில் அமரும் உரிமை 1926இல்தான் வந்தது. சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பெற்ற அம்மையார், 1927இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது ஒரு மன்னரின் நல்ல மனம். அந்த மனம் வேறுவிதமாக இருந்திருந்தால்? மன்னர் மனத்தை நம்பி எத்தனை பெண்கள் காத்திருப்பது? ஆகவேதான் அவர் சட்டம் இயற்றும் இடத்தைத் தம் களமாகக் கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோயில் பணி செய்தால்தான் மானிய நிலம் என்பது தேவதாசியரைப் பிணைத்த கட்டு. பணி துறந்தால் சோறு இல்லை. 1929இல் அம்மையார் முயற்சியால் நிறைவேறிய அறநிலையச் சட்டத் திருத்தம் அந்த முடிச்சையே அவிழ்த்தது. கோயில் பணியைத் துறந்தாலும் நிலம் அவர்களுக்கே என்றாயிற்று. மரபும் கலையும் அழியும் என வாதிட்டோரும் உண்டு. அவர்களுள் ஒருவர், நம் திருமயம் தந்த நாவலர் சத்தியமூர்த்தி! விடுதலைப் போரில் சிறை சென்ற அப்பெருமகனாரும் இதில் எதிரணியில் நின்றார் என்பதைப் படித்தபோது சற்றே திகைத்தேன். பாடநூல் இத்தகைய சங்கடங்களை நமக்குச் சொல்லுவதில்லை. சொன்னால் வரலாறு இன்னும் சுவைக்கும்.

1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக் கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. பதினேழு ஆண்டுகள்! அதுவும் சென்னை மாகாணத்துக்குத்தான். 1948 மார்ச் 3 அன்று இணையும் வரை புதுக்கோட்டை வேறு நாடு. தாம் வாதாடிய சட்டங்கள் தாய் பிறந்த ஊரில் செல்லாதிருந்ததை அவர் எப்படித் தாங்கினாரோ!

ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

இதையெல்லாம் அன்னையாரிடம் இரண்டு இரவுகள் சொன்னேன். சென்ற ஆகஸ்ட் 15 அன்று எங்கள் கிராம சபைக்கு இருவரும் சென்றோம். எனக்கும் அதுவே முதல் முறை. வாசித்த வரவு செலவில் ஒரு வரி புரியாமல், எழுந்து விளக்கம் கேட்டேன். கால்கள் நடுங்கின, விளக்கம் கிடைத்தது. பதிவேட்டில் நான் கையொப்பமிட, அன்னையார் அருகில் கைநாட்டு வைத்தார். திரும்பும் வழியில், அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். அக்டோபர் 2 என்றேன்.