படிக்காமல் படித்த மெக்கானிக்: ஜி.டி. நாயுடு



நம்ம ஏரியாவில் வண்டிச் சத்தம் இல்லாத நேரமே கிடையாது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகும் குட்டி யானைகள், எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், மணலிப் பக்கம் போகும் டேங்கர்கள்... இந்தச் சத்தத்திலேயே தூங்கி, இந்தச் சத்தத்திலேயே எழுந்து வளர்ந்தவர்கள் நாம். 1948-ல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் காரைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ்தான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு கம்பெனியும் அந்த ஐம்பதுகளில் வந்ததுதான்.

இவை எல்லாம் வருவதற்கு முன்னால், மோட்டார் வண்டி என்றாலே கப்பலில் வந்து இறங்க வேண்டிய காலத்தில், பள்ளிக்கூடப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு கிராமத்துப் பையன் ஸ்பானரைக் கையில் எடுத்தான். அவர்தான் இந்தியாவின் எடிசன் என்று பிற்காலத்தில் எல்லோரும் அழைத்த ஜி.டி. நாயுடு. கோயம்புத்தூர்க்காரரைப் பற்றி வடசென்னைப் பையன் எதற்கு எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இவர் வாழ்க்கையில் ஒரு பங்கு இருக்கிறது. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு மோட்டார் சைக்கிள் செய்த வேலை

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆரம்பப் படிப்போடு நின்று போய், தோட்ட வேலைக்கு வந்துவிட்டார்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டி! நம் வயசுப் பையன் வேறு எவனாக இருந்தாலும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பான். துரைசாமிக்கு அந்த வண்டி மனசை விட்டுப் போகவில்லை. கோயம்புத்தூருக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். டம்ளர் எடுத்து, மேசை துடைத்து, காசு சேர்த்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும், இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றி ஓட்டிக் காட்டினாரா? இல்லை. முழுசாகக் கழற்றினார்! திரும்ப மாட்டினார். அந்தக் காலத்தில் அவருக்கு மேனுவலும் கிடையாது, சொல்லிக் கொடுக்க லெக்சரரும் கிடையாது. கார்புரேட்டர் எதற்கு, மேக்னெட்டோ எதற்கு, பிஸ்டன் மேலே போகும்போது எந்த வால்வு மூடியிருக்கிறது, இதை எல்லாம் அந்த வண்டியே அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. அதிலிருந்துதான் அவர் மெக்கானிக் ஆனார்.

ஒரு பஸ்ஸிலிருந்து 280 பஸ் வரை

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி நஷ்டமும் பட்டார். பிறகு கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, 1920-ல் ஒரு பஸ்ஸை எடுத்தார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தாமே ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான்.

அன்றைக்கு ரோடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் போன் போட்டு மெக்கானிக்கை வரவழைக்க முடியாது. ஸ்பேர் பார்ட்ஸ் சீமையிலிருந்து வர வேண்டும். ஆகவே பஸ் வைத்திருப்பவன் ரிப்பேர் தெரிந்தவனாக இருந்தால்தான் பிழைக்க முடியும். நாயுடு பிழைத்தார். பிழைத்தது மட்டுமா? அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., 1933 வாக்கில் சுமார் 280 பஸ்களோடு நாட்டிலேயே பேர் சொல்லும் கம்பெனியாக வளர்ந்தது. பழைய வண்டியைக் கழற்றிப் பார்த்த அந்தக் கை, ஒரு பட்டறையாகப் பெருகி, பட்டறை ஒரு தொழிலாகப் பெருகியது.

அதோடு நிற்கவில்லை அவர். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்றைக்குக் கோவை மோட்டார் பம்ப் என்றால் ஊர் ஊருக்குத் தெரிகிறதே, அதற்குப் போட்ட பிள்ளையார் சுழி அது. ரேஸண்ட் என்ற பேரில் பேட்டரியில் ஓடும் சவரக் கருவி கண்டுபிடித்தார். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார்.

நம் வீட்டு வாசலும் ஒரு பட்டறைதான்

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. அவரும் அதிகம் படிக்காதவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவிடம் ஒரு பழைய குட்டி யானை இருக்கிறது. ரெண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் சாக்கு விரித்துவிடுவார். கழற்றுகிற நட்டு போல்ட்டை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் வைப்பார். மாட்டும்போது கடைசியிலிருந்து எடுப்பார். ஒரு வாஷர்கூட மிஞ்சாது.

மீன் லோடு ஏற்றும் வண்டிக்கு எமன் எது தெரியுமா? ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணி. அது சேஸிஸில் இறங்கி மூலையில் தங்கி, உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். அப்பா லோடு இறக்கினதும் நல்ல தண்ணியில் அடியைக் கழுவிவிடுவார். துரு தெரிந்தால் சுரண்டி, காயவிட்டு, ரெட் ஆக்ஸைடு அடிப்பார். டீசல் ஃபில்டர் மாற்றினால் ஏர் லாக் எடுக்காமல் ஸ்டார்ட் பண்ண விடமாட்டார்.

அப்பாவுக்கு எப்படிச் செய்யணும் என்று தெரியும். ஏன் என்பது எனக்கு இங்கே கிளாசில்தான் கிடைத்தது. பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்களே, ஏன்? அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். பாலத்தில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால், சூட்டில் அது ஆவியாகி பெடல் சும்மா உள்ளே போய்விடும். ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் ரிலே போடச் சொல்கிறார்களே, ஏன்? பழைய ஸ்விட்ச் வழியாக முழு கரண்டும் போனால் வழியிலேயே வோல்டேஜ் குறையும். ரிலே போட்டால் ஸ்விட்சுக்குச் சின்ன கரண்டு போதும், பல்புக்கு பேட்டரியிலிருந்து நேராகப் போகும்.

அதே மாதிரி, கூட லோடு அடிக்க எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை போடுவது நம் பக்கம் சகஜம். பட்டை தாங்கும், பிரேக்கும் ஆக்சிலும் சேஸிஸும் தாங்குமா? கம்பெனி கணக்குப் போட்ட எடை வேறு, நாம் ஏற்றும் எடை வேறு. சட்டமும் அதற்கு இடம் தராது. இதை அப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசவில்லை. ஆனால் பட்டை வாங்கவும் போகவில்லை. கையும் கணக்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பள்ளியை வெறுத்தவர் கட்டிய கல்லூரி

இப்போது நான் முதலில் சொன்ன பங்குக்கு வருகிறேன். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வந்த அந்த மனிதர்தான், 1945-ல் கோவையில் தொழிற்கல்விக்குத் தம் செல்வத்தைக் கொடுத்தார். அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியும் எழுந்தன. அந்தக் கல்லூரிதான் பிறகு இடம் மாறி, இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது. கல்லூரி இருந்த இடத்தை இன்றும் பஸ் கண்டக்டர்கள் ஹோப் காலேஜ் என்றே கூவுகிறார்கள்.

கல்லூரிக்கு முதல்வராகவும் நாயுடுவே இருந்தார். நான்கு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, குறைந்த காலத்திலேயே தொழிலைக் கற்றுத் தரலாம் என்பது அவருடைய கருத்து. ஆங்கிலேய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியைப் பெரிதாக நினைக்காமல் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் ரொம்ப யோசித்தேன். அவர் சொன்னது சரியா? நம்மில் பல பேர் வீட்டில், பையன் மூன்று வருஷம் சம்பாதிக்காமல் படிப்பதே பெரிய பாரம். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் நம் பக்கம் நின்றவர். ஆனால் 1952-ல் நடந்ததையும் பாருங்கள். ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கார் உற்பத்தி நின்றே போனது. கையில் வித்தை இருந்தும், காகிதம் இல்லாததால் அவ்வளவு பெரிய மனிதருக்கே கதவு திறக்கவில்லை. சாதாரண வீட்டிலிருந்து வரும் நமக்குத் திறக்குமா? அதனால் டிப்ளமோ காகிதம் நமக்கு வேண்டும். ஆனால் வெறும் காகிதம் மட்டும் போதாது என்று அவர் வாழ்க்கை சொல்கிறது. செமஸ்டருக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து பாஸாகி, கியர் பாக்ஸைத் திறந்தால் முழிக்கிறவனைப் பார்த்துத்தான் அவர் காலம் வீண் என்று கோபப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

மறையாத பெயர்

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, 80 வயதில் நாயுடு மறைந்தார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பேரில் கண்காட்சி இருக்கிறது. 2015-ல் அங்கே பழைய கார்களுக்கான மியூசியமும் திறந்தார்கள். 2025 அக்டோபரில் அதே ரோட்டில் திறந்த சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பேர்தான். ஒரு காலத்தில் ஓட்டலில் மேசை துடைத்தவர் பேரில் இன்று ஒரு ஊரே வண்டி ஓட்டுகிறது!

நாம் என்ன செய்யலாம்? நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஒர்க்ஷாப்பில் அக்கம் பக்கத்துப் பழைய லோடு வண்டிகளுக்கு இலவச செக்கப் முகாம் வைப்போம். பிரேக், லைட், துரு, ஸ்பிரிங் பட்டை, இந்த நான்கைப் பார்த்தாலே போதும். வண்டிக்கார அண்ணன்மாரிடம் நாம் கைவேலை கற்போம்; அவர்களுக்கு நாம் காரணம் சொல்வோம். எஃப்.சி.க்கு முன்னால் கடன் வாங்கி அலையும் ஒரு குடும்பத்துக்காவது செலவு குறையும்.

கழற்றத் தெரிந்தவன் மெக்கானிக். மாட்டத் தெரிந்தவன் நல்ல மெக்கானிக். ஏன் என்று கேட்கத் தெரிந்தவன்தான் என்ஜினீயர். ஜி.டி. நாயுடு இந்த மூன்றும் ஆனார். நாமும் ஆவோம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு