ஒரே ஒரு 'ஆர்'... கண்ணாடியோட வயசு தெரிஞ்சிடும்!

மயிலாடி சிலைகள் ஒவ்வொண்ணும் தனித்தனியா உளிபட்டுப் பிறக்கும். அச்சுக் கண்ணாடி அப்படியில்ல. ஒரே அச்சுல எத்தனையோ ஜாடி. எது பழசுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

பிரான்ஸின் ரெனே லாலிக்கைத் தெரிஞ்சுக்கோங்க. 1860-ல் பிறந்தவர். நகை வடிவமைப்பில் கொடிகட்டிப் பறந்தவர், கோட்டி கம்பெனிக்கு சென்ட் பாட்டில் வடிவமைக்கப் போய், கண்ணாடியே கதின்னு ஆகிட்டார். 1920-களில் அல்சாஸில் ஆலை அமைச்சார். பொருள்கள்ல 'ஆர். லாலிக்'னு பெயர் இருக்கும். 1945-ல் அவர் இறந்ததும், பொறுப்பேற்ற மகன் மார்க் அந்த 'ஆர்' எழுத்தை எடுத்துட்டார். ஈயம் கூடுதலான கிரிஸ்டலுக்கும் மாறினார்.

ஆக, 'ஆர்' இருந்தா அப்பா காலத்துது. ஆனா உஷார்! புதுசுல 'ஆர்' பொறிச்சு விக்கிறவங்களும் இருக்காங்க. ஆன்லைன்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடி எழுத்தை குளோசப் போட்டோவில் கேளுங்க. அந்த டிசைன் லாலிக்கின் 1932 கேட்டலாக்கில் இருக்கான்னும் தேடிப் பாருங்க.