பனியின் ஆழத்தை அளந்த வெகனர்

அல்பிரட் வெகனர் என்றதும் புவியியல் படிக்கும் எங்களுக்குக் கண்ட நகர்வுதான் நினைவுக்கு வரும். தென்னமெரிக்காவும் ஆபிரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்று 1912இல் கூறி, அறிஞர் பலரின் ஏளனத்துக்கு ஆளானவர் அவர். ஆனால் அவரது தொழில் வானிலை ஆராய்ச்சி. அவரது மனம் கிடந்ததோ கிரீன்லாந்தின் பனியில்.

1880 நவம்பர் 1ஆம் திகதி பேர்லினில் பிறந்தார். வானியலில் கலாநிதிப் பட்டம் பெற்றும், வானியலைத் தொடரவில்லை. 1906இல் டென்மார்க்கின் ஆய்வுக்குழுவோடு முதன்முதலாகக் கிரீன்லாந்துக்குச் சென்றார். 1912இல் மீண்டும் சென்று, பனிப்படலத்தின் மீதே குளிர்காலத்தைக் கழித்தார். பிறகு ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியரானார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள், நல்ல பதவி. அத்தோடு அமைதியாக இருந்திருக்கலாம்தான்.

அவருக்கு விடை தெரியாத கேள்விகள் இருந்தன. அந்தப் பனி எவ்வளவு தடிப்பானது? அதன் நடுவில் குளிர்காலம் எப்படி இருக்கும்? 1930இல் ஒரு பெரிய ஜேர்மன் குழுவுக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்டார். பனியில் வெடிமருந்தை வெடிக்கச் செய்தால், அதிர்வு அடியிலுள்ள பாறையில் பட்டுத் திரும்பும். அதற்கு எடுக்கும் நேரத்தைக் கொண்டு தடிப்பைக் கணிக்கலாம். மேற்குக் கரையிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர் உள்ளே, ஏறக்குறைய 3000 மீற்றர் உயரத்தில் 'ஐஸ்மித்தே' என்ற நிலையத்தையும் அமைத்தனர். 'பனியின் நடு' என்பது அதன் பொருள்.

கடற்பனி வழிமறித்ததால் ஆரம்பமே ஆறு வாரமளவில் பிந்தியது. நடு நிலையத்தில் இருந்த கியோர்கி, சோர்கே இருவருக்கும் குளிர்காலத்துக்கான பொருட்கள் போய்ச் சேரவில்லை. செப்டெம்பரில் வெகனரே நாய்ச் சறுக்குவண்டிகளோடு கிளம்பினார். கூடச் சென்ற கிரீன்லாந்தர் பதின்மூவரில் பன்னிருவர் கடுங்குளிரால் வழியிலேயே திரும்பிவிட்டனர். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ரஸ்முஸ் வில்லும்சன் என்ற இளைஞர் மட்டும் தொடர்ந்து வந்தார். மறை 50 பாகை செல்சியசுக்கும் கீழான குளிரில், நாற்பது நாள் பயணத்தின் பின் ஒக்டோபர் 30இல் நிலையத்தை அடைந்தனர். உடன் வந்த லோவேயின் கால்விரல்கள் உறைந்து போயிருந்தன.

கொண்டுசென்ற சுமைகளிற் பெரும்பாலானவை வழியிலேயே விடப்பட்டிருந்தன. இருந்த உணவு ஐந்து பேருக்குப் போதாது. லோவேயால் நடக்க முடியாது. ஆகவே நவம்பர் 1ஆம் திகதி, தமது ஐம்பதாவது பிறந்தநாளன்று, வெகனரும் ரஸ்முஸும் கரையை நோக்கித் திரும்பினர்.

பனிக்குள் தோண்டிய குகையில் அந்த மூவரும் குளிர்காலத்தைத் தாண்டினர். சோர்கே பதினைந்து மீற்றரளவு ஆழத்துக்குக் குழி தோண்டி, ஆண்டுதோறும் விழுந்த பனி அடுக்கடுக்காக இறுகிக் கிடந்ததை ஆராய்ந்தார். வெடி முறையால் அங்கே பனியின் தடிப்பு இரண்டரைக் கிலோமீற்றருக்கும் கூட எனத் தெரிந்தது. பனி உருகுகிறதா, வளர்கிறதா என்று இன்று கேட்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பழைய அளவுகளில் இவையும் அடங்கும்.

1931 மே மாதம், பாதி வழியில் நிமிர்த்தி நடப்பட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைத் தேடிச் சென்றவர்கள் கண்டனர். அவற்றுக்கிடையே பனியின் கீழ் வெகனரின் உடல் பக்குவமாக அடக்கம் செய்யப்பட்டிருந்தது. இதயம் களைத்து நின்றிருக்கலாம் என்று கருதினர். அவரை அடக்கிவிட்டு, அவரது நாட்குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்ட ரஸ்முஸ் கரைக்கு வந்து சேரவேயில்லை.