யார் இந்த எம்.சி. ராஜா? 1922-லேயே அரசுப் பதிவேட்டில் பெயரை மாற்றவைத்த பரங்கிமலைக்காரர்!

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அரசு ஆவணங்களில் இருந்தும் பொதுப் புழக்கத்தில் இருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஊரைத் தாண்டித் தள்ளிவைக்கப்பட்ட மக்களின் தெருவைக் குறிக்கும் சொல்லாகவும், வசைச் சொல்லாகவும் அது மாறிவிட்டது என்பதுதான் காரணம்.

பெயரை மாத்தினா எல்லாம் மாறிடுமா?

கிட்டத்தட்ட இதே கேள்வி 103 வருடங்களுக்கு முன்பும் சென்னை சட்டமன்றத்தில் எழுந்தது. எழக் காரணமானவர் பரங்கிமலையைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். இன்றைக்கு லட்சக்கணக்கான சாதிச் சான்றிதழ்களில் இருக்கும் ‘ஆதிதிராவிடர்’ என்ற சொல் அரசுப் பதிவேட்டில் ஏறியதற்குப் பின்னால் இருப்பவர் அவர்தான். பெயர், எம்.சி. ராஜா.

அம்பேத்கரை எல்லோருக்கும் தெரியும். இரட்டைமலை சீனிவாசனைப் பலருக்கும் தெரியும். ராஜா மட்டும் ஏன் நினைவில் இருந்து நழுவிப்போனார்? பார்க்கலாம்.

பரங்கிமலையில் தொடங்கிய கதை

கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் தினமும் பரங்கிமலையைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். மலை மேல் இருக்கும் தேவாலயம், ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம், மெட்ரோ நிலையம், எம்.ஜி.ஆர். சட்டமன்றத்துக்குப் போன தொகுதி என்று இந்த ஊருக்குப் பல அடையாளங்கள் உண்டு. 1883 ஜூன் 17 அன்று மயிலை சின்னத்தம்பி ராஜா பிறந்ததும் இந்த ஊரில்தான். சுருக்கமாக எம்.சி. ராஜா.

அப்போது இது செங்கல்பட்டு ஜில்லா. நிலம் மிராசுதாரர்கள் கையில். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் சேரியில். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தம் கிடையாது. மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றிவிடலாம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இந்த நிலைமையை அறிக்கையாக எழுதி அனுப்பினார். அதைத் தொடர்ந்துதான் 1892-ல் அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க முடிவு செய்தது. அப்போது ராஜாவுக்கு வயது 9.

வயல்காட்டுச் சேரிகளோடு ஒப்பிட்டால் பரங்கிமலை கொஞ்சம் வேறு மாதிரி. ராணுவக் குடியிருப்பு இருந்ததால் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு மிராசுதாரரைச் சாராத வேலை கிடைத்தது. மிஷன் பள்ளிக்கூடங்களும் இருந்தன. அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் ராஜா படிக்கப் போனார். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளி, அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இன்று தாம்பரத்தின் அடையாளமாக இருக்கும் அதே கல்லூரிதான். ஆனால் ராஜா படித்தபோது அது ஜார்ஜ் டவுன் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்.

பட்டம் வாங்கியதும் ராஜா ஆசிரியர் ஆனார். பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். சேரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடவே பல ஊர்களில் மறுத்த காலம் அது. பள்ளி, கிணறு, மனை ஆகிய மூன்றும் சேரிக்கு வரவேண்டும் என்பதுதான் அவருடைய அரசியல் வாழ்க்கை முழுக்க ஓடிய கோரிக்கை.

சட்டமன்றத்துக்குள் முதல் அடி

1916 வாக்கில் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராக ராஜா முன்னுக்கு வந்தார். 1920-ல் புதிய சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாண சட்டமன்றம் அமைந்தது. அப்போது ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுபவர்களுக்கும் சொத்து உள்ளவர்களுக்கும்தான். அதனால் ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதிகளை அரசே நியமித்தது. அப்படி உள்ளே போனவர் ராஜா. ஆட்சி நீதிக்கட்சியுடையது. அந்தக் கட்சியின் வரிசையிலேயே முக்கியமான இடம் அவருக்குக் கிடைத்தது.

1922-ல் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் அந்தப் பெயர் மாற்றம். அதுவரை அரசுக் கடிதங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற சொற்கள் இருந்தன. அதிலும் பஞ்சமர் என்றால் நான்கு வருணத்துக்கும் வெளியே நிற்கும் ஐந்தாவது கூட்டம் என்று அர்த்தம். அந்தச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும், தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது கோரிக்கை. ஆதிதிராவிடர் என்ற பெயரை மக்கள் அமைப்புகள் அதற்கு முன்பே பயன்படுத்தி வந்தன. ஆனால் அரசாணையில் ஏறியது 1922 மார்ச்சில்தான்.

சரி, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒதுக்கப்பட்டவர்கள் என்ற பொருளில் மற்றவர்கள் வைத்த பெயருக்குப் பதிலாக, இந்த மண்ணின் ஆதிக் குடிகள் என்று தாங்களே சொல்லிக்கொண்ட பெயர் தாலுகா ஆபீஸ் பதிவேட்டுக்குள் போனது. அதுதான் விஷயம். அரசே அவருக்கு ராவ் பகதூர் பட்டமும் கொடுத்தது.

புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள்

இதற்கு ஒரு வருடம் முன்பு நடந்த சம்பவம்தான் ராஜாவின் பாதையைத் திருப்பியது. 1921-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாட்டிக் மில்லில், அதாவது மக்கள் பின்னி மில் என்று சொல்லும் ஆலையில், பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாத குடும்பங்கள் அவை. வேலைநிறுத்தத்தில் இருந்து விலகி நிற்கும்படி சொன்னவர்களில் ராஜாவும் ஒருவர்.

கூலிக்கான போராட்டம் சாதிக் கலவரமாக மாறியது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின.

அதன் பிறகு நடந்ததுதான் ராஜாவை அதிகம் காயப்படுத்தியது. எரிந்த குடிசைக்காரர்களுக்கு அரசு சலுகை காட்டுவதுதான் பிரச்சனைக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் பேசினார்கள். ஆதிதிராவிடர்களை நகரத்தில் இருந்து வெளியே குடியமர்த்தலாம் என்ற யோசனைகூட வந்தது. பிராமணர் அல்லாதார் என்ற ஒரே குடைக்குள் தன் மக்களுக்கு இடம் எவ்வளவு என்ற கேள்வி ராஜாவுக்கு அப்போது எழுந்தது. வேலைகளிலும் பதவிகளிலும் உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற வருத்தமும் சேர்ந்தது. 1923-ல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார்.

டெல்லியில் ஒரே குரல்

1925-ல் ‘ஒடுக்கப்பட்ட இந்துக்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1927-ல் டெல்லியில் உள்ள மத்திய சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதியாக அந்த அவைக்குள் போன முதல் ஆள் அவர்தான். சைமன் கமிஷனோடு சேர்ந்து பணியாற்றிய இந்திய மத்தியக் குழுவிலும் இடம்பெற்றார். அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார். அந்த நேரத்தில் இந்தியா முழுக்கத் தெரிந்த தலைவர் என்றால் அது பரங்கிமலை ராஜாதான்.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். ராஜாவுக்கு அழைப்பு இல்லை. அங்கேதான் அந்தப் பெரிய கேள்வி வந்தது.

தனித்தொகுதியா, கூட்டுத்தொகுதியா? என்ன வித்தியாசம்?

இதை இன்றைய உதாரணத்தோடு பார்த்தால் சுலபமாகப் புரியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகமும் செய்யூரும் ரிசர்வ் தொகுதிகள். அங்கே பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்தான் போட்டியிட முடியும். ஆனால் ஓட்டுப் போடுவது எல்லா சாதியினரும். இதுதான் கூட்டு வாக்காளர் முறை.

அம்பேத்கரும் சீனிவாசனும் கேட்டது தனி வாக்காளர் முறை. வேட்பாளரும் ஒடுக்கப்பட்டவர், அவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே. ஊர்க்காரர்களின் தயவு இல்லாமல் சேரி தன் ஆளைத் தானே தேர்ந்தெடுக்கலாம்.

ராஜாவும் ஆரம்பத்தில் தனி வாக்காளர் முறையைத்தான் ஆதரித்தார். ஆனால் 1932-ன் தொடக்கத்தில் மாறினார். ஒவ்வொரு ஊரிலும் சேரி சிறுபான்மை. மற்றவர்களோடு ஓட்டில்கூடத் தொடர்பு இல்லாமல் போனால் தனிமைதான் மிஞ்சும் என்று கருதினார். இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒதுக்கப்பட்ட இடங்கள் வேண்டும், ஆனால் ஓட்டு எல்லோரும் சேர்ந்து போட வேண்டும் என்பதே ராஜா - மூஞ்சே ஒப்பந்தம்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் தனி வாக்காளர் முறையை அறிவித்தார். எரவாடா சிறையில் இருந்த காந்தி செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் முறை போனது. மாகாண சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 71-ல் இருந்து 148 ஆக உயர்ந்தன. கையெழுத்துப் போட்டவர்களில் அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரும் உண்டு.

அம்பேத்கர் நெருக்கடியில் ஒப்புக்கொண்டது ராஜா முன்பே ஏற்றுக்கொண்ட வழி. வரலாற்றில் ராஜாவின் பெயர் மங்கிப்போனதற்கு முக்கியக் காரணம் இதுதான். 1936-ல் அம்பேத்கரின் மதமாற்ற யோசனையையும் அவர் எதிர்த்தார். இடைவெளி இன்னும் பெருகியது.

நம்பிய இடத்தில் கிடைத்த பதில்

1937 ஏப்ரலில் கூர்மா வெங்கடரெட்டி நாயுடு தலைமையில் அமைந்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சர் ஆனார். ஆனால் அந்த அரசின் ஆயுள் சில மாதங்கள்தான். ஜூலையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது.

எதிர்வரிசையில் உட்கார்ந்த ராஜா 1938-ல் முக்கியமான ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, பொதுச் சாலை, பஸ் போன்ற பொதுப் போக்குவரத்து, அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் என எதிலும் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது. மீறினால் தண்டனை. இது சட்டமானது. சமூக இழிவுகள் நீக்கச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது 1950-ல். அதற்கு 12 வருடம் முன்பே வந்த சட்டம் இது.

கூடவே கோயில் நுழைவு மசோதாவையும் கொண்டுவந்தார். அங்கேதான் அடி விழுந்தது. மசோதாவைத் திரும்பப் பெறும்படி ராஜாஜி கேட்டார். மலபாருக்கு மட்டும் தனியாகச் சட்டம் கொண்டுவருவது அவர் திட்டம். ராஜா காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்பும்படி பதில் வந்தது. மசோதா தோற்றது. ரிசர்வ் தொகுதியில் ஜெயித்து வந்திருந்த காங்கிரஸ் உறுப்பினர்களும் கட்சிக் கட்டுப்பாட்டைத் தாண்டி அவருக்குத் துணை நிற்கவில்லை.

எல்லோருடைய ஓட்டிலும் ஜெயித்து வருபவர் முதலில் யாருக்குக் கட்டுப்பட்டவர், கட்சிக்கா, சேரிக்கா? தனி வாக்காளர் முறை கேட்டவர்கள் 1932-ல் எழுப்பிய கேள்வி, 1938-ல் ராஜாவின் கண் முன்னாலேயே வந்து நின்றது. அவர் கசந்துபோனார். 1942-ல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அவரைப் போய்ச் சந்தித்தவர்கள் அம்பேத்கரும் எம்.சி. ராஜாவும். பத்து வருடம் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே கோரிக்கையோடு ஒன்றாகப் போனார்கள்.

அடுத்த வருடம், 1943 ஆகஸ்டில், ராஜா காலமானார். வயது 60. தமிழ்நாட்டுக் கோயில்களின் கதவை எல்லோருக்கும் திறந்த சட்டம் வந்தது 1947-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைக்கு என்ன மிச்சம்?

சைதாப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. பல மாவட்டங்களில் இருந்து படிக்க வரும் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் தங்கும் இடம் அது. ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவிடம் இருக்க முடியாது. அவர் வாங்கிக்கொடுத்த பெயரில் ஒரு அரசுத் துறையே இயங்குகிறது.

பெயர் பற்றிய விவாதமும் முடியவில்லை. 2021-ல் ஏழு பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரைச் சட்டப்படி பெற்றன. 2025-ல் ‘காலனி’ என்ற சொல்லுக்கு முடிவு அறிவிக்கப்பட்டது.

தண்ணீர்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நிலம்? பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு செங்கல்பட்டு பக்கம் காரணையில் 1994-ல் நடந்த போராட்டம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அந்த நிலக் கேள்வி இன்றும் தீரவில்லை.

பெயரை மாத்தினா எல்லாம் மாறிடுமா? மாறிடாது என்பது ராஜாவுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் 1922-ல் பெயரோடு நிறுத்தாமல், 1938-ல் கிணற்றுக்கும் ரோட்டுக்கும் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த முறை ரயில் பரங்கிமலையில் நிற்கும்போது, மலை மேல் இருக்கும் தேவாலயத்தோடு சேர்த்து இந்த வாத்தியாரையும் நினைத்துக்கொள்ளலாம்.