தட்டில் வந்த ஏடுகள்: எழுத்தாளர் அல்-ஜாஹிழின் வாழ்க்கை

பஸ்ரா நகரில் ஓர் ஏழை வீடு. பசியோடு வந்த மகன் உம்மாவிடம் சாப்பாடு கேட்கிறான். உம்மா உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார். தட்டில் ரொட்டி இல்லை. மகன் எழுதிச் சேர்த்திருந்த ஏடுகள்தாம் இருக்கின்றன. நீ இந்த வீட்டுக்குக் கொண்டுவருவது இது ஒன்றுதானே என்பது அந்தத் தாயின் ஆதங்கம்.

மனம் நொந்த மகன் பள்ளிவாசலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். முவைஸ் இப்னு இம்ரான் என்ற செல்வர் அவனுடைய முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தார். தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று 50 தீனார் கொடுத்தார. அவன் கடைத்தெருவில் மாவும் மற்றப் பொருள்களும் வாங்கி, கூலியாட்களிடம் சுமக்கக் கொடுத்து வீடு வந்தான். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று உம்மா திகைத்தபோது, தட்டில் நீங்கள் வைத்துத் தந்த அந்த ஏடுகளிலிருந்துதான் என்று சொன்னான்.

அந்த மகன்தான் அரபு உரைநடையின் மாமேதை என்று போற்றப்படும் அபூ உஸ்மான் அம்ர் இப்னு பஹ்ர். விழிகள் பிதுங்கியிருந்ததால் மக்கள் வைத்த பட்டப்பெயர் அல்-ஜாஹிழ். இயற்பெயரை மறந்த உலகம் இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

அவர் ஹிஜ்ரி 160-ஐ ஒட்டிப் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஒட்டகம் ஓட்டிய கறுப்பினத்தவர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. குலப்பெருமையும் இல்லை, சொத்தும் இல்லை. இளமையில் ரொட்டியும் மீனும் விற்றார். பகலில் வியாபாரம் போக மீதி நேரமெல்லாம் பள்ளிவாசல் வட்டங்களிலும், நாட்டுப்புற அரபிகள் கூடும் மிர்பத் சந்தையிலும் கழிந்தது. மொழி மேதைகளான அஸ்மஈ, அபூ உபைதா, அபூ ஸைத் அல்-அன்ஸாரி ஆகியோரிடம் பாடம் கேட்டார்.

கிதாபுகள் வாங்கப் பணம் ஏது? அதற்கும் ஒரு வழி கண்டார். அக்காலத்தில் நூல்களைக் கையால் பிரதியெடுத்து விற்பவர்களை வர்ராக்குகள் என்பார்கள். அவர்களுடைய கடைகளை ஜாஹிழ் வாடகைக்கு எடுத்து, இரவு முழுக்க உள்ளே தங்கி, அங்கிருந்த நூல்களைப் படிப்பார். கையில் கிடைத்த நூல் எதையும் அவர் முடிக்காமல் கீழே வைத்ததில்லை என்று அவரை அறிந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. அன்று அச்சகம் கிடையாது. காகிதத் தொழில் சமர்கந்து வழியாகப் பக்தாதுக்கு வந்து, நூல்கள் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனால் ஒரு நூலை நாலு பேர் விரும்பிப் படியெடுத்தால்தான் அது உயிர் வாழும். யாரும் படியெடுக்காவிட்டால் எழுதியவரோடு அதுவும் மண்ணுக்குப் போகும். ஆகவே, நூலை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. அதை மக்கள் கையில் சேர்ப்பதும் எழுதியவரின் பாடாக இருந்தது.

தாம் பட்ட பாட்டை ஜாஹிழே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். நன்கு ஆராய்ந்து உறுதியான ஒரு நூலை எழுதித் தம் பெயரில் வெளியிடுவார். அறிஞர்கள் சிலர் பொறாமையால் அதைக் குறை சொல்லித் தள்ளிவிடுவார்கள். பிறகு, அதைவிடத் தரம் குறைந்த ஒன்றை எழுதி, இப்னுல் முகஃப்பஉ போன்ற பழைய மேதைகளின் பெயரில் வெளியிடுவார். இப்னுல் முகஃப்பஉ, ஜாஹிழ் பிறப்பதற்கு முன்பே கொல்லப்பட்டவர். இறந்தவர் பெயரைக் கண்டதும், முன்பு குறை சொன்ன அதே ஆட்கள் ஓடிவருவார்கள். அதைப் படியெடுப்பார்கள், மாணவர்களுக்குப் பாடமாக்குவார்கள், அந்த நடையைப் பின்பற்றியே எழுதவும் செய்வார்கள்.

பிறர் பெயரில் எழுதியதை நாம் நியாயப்படுத்தவில்லை. அது சரியான வழியன்று. ஆனால் ஒரு திறமைசாலியை அந்த நிலைக்குத் தள்ளிய சமூகத்தின் மீதும் பொறுப்பு உண்டு அல்லவா?

பிற்காலத்தில் அவருடைய பெயர் தானாகவே நின்றது. கலீஃபா மஃமூன் அவருடைய நூல்களைப் படித்துப் பாராட்டினார். அரசு கடிதப் போக்குவரத்துத் துறையில் பெரிய பதவி கிடைத்தது. மூன்றே நாளில் அதை விட்டு விலகிவிட்டார். கலீஃபா முதவக்கில் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அவரை அழைத்தார். முகத்தைப் பார்த்ததும் பிடிக்காமல், 10,000 திர்ஹம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இதையும் ஜாஹிழ் சிரித்துக்கொண்டே பிறரிடம் சொல்லியிருக்கிறார்.

நூல்களைப் பெரிய மனிதர்களுக்குக் காணிக்கையாக்குவது அக்கால வழக்கம். விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலான கிதாபுல் ஹயவானை அமைச்சர் இப்னுஸ் ஸய்யாத்துக்கும், சொல்வன்மை பற்றிய அல்-பயான் வத்தப்யீனைத் தலைமை நீதிபதி இப்னு அபீ துஆதுக்கும், பயிர்களும் பேரீச்சையும் பற்றிய நூலை இப்ராஹீம் அஸ்ஸூலீக்கும் காணிக்கையாக்கினார். ஒவ்வொருவரும் 5,000 தீனார் கொடுத்தார்கள். பஸ்ராவில் உமக்கு நிலபுலன் உண்டா என்று ஒருவர் கேட்டபோது, இந்தக் கணக்கைச் சொல்லி, உரமிடவும் தேவையில்லாத தோட்டத்தோடு ஊர் திரும்பினேன் என்று பதில் சொன்னாராம்.

ஆனால் அந்தத் தோட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது. ஹிஜ்ரி 233-ல் இப்னுஸ் ஸய்யாத் பதவி பறிக்கப்பட்டு, பிறரை வதைக்கத் தாமே செய்துவைத்திருந்த முள் அடுப்பில் வதைபட்டு இறந்தார். ஜாஹிழ் தப்பி ஓடினார். அதே அடுப்புக்கு இரண்டாவது ஆளாகிவிடுவோமோ என்று அஞ்சினார். பிடிபட்டு, கழுத்தில் சங்கிலியும் கிழிந்த சட்டையுமாக இப்னு அபீ துஆதின் முன் நிறுத்தப்பட்டார். அவருடைய நாவன்மையைக் கேட்ட நீதிபதி விலங்கை அவிழ்த்து, குளிக்கவைத்து, புத்தாடை கொடுத்துச் சபையில் அமரவைத்தார். எழுத்தாளன் அதிகாரத்தின் நிழலில் ஒதுங்கினால் அந்த நிழல் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொள்கையில் ஜாஹிழ் முஃதஸிலாவைச் சேர்ந்தவர். அந்த இப்னு அபீ துஆத், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சாட்டையடி பட்ட சோதனைக் காலத்தில் எதிரணியின் முன்னணியில் நின்றவர். ஜாஹிழின் அகீதாவை நாம் ஏற்பதில்லை. எனினும் அவருடைய மொழிவளத்தை அஹ்லுஸ் சுன்னா அறிஞர்களும் ஒதுக்கவில்லை. மத்ரஸாவில் அரபு இலக்கியம் பயின்றபோது அவருடைய வரிகளை நாம் உச்சரிப்புக்காகப் படித்தோம். பிறகு கல்லூரியில் இலக்கியம் படித்தபோதுதான் அந்த வரிகளுக்குப் பின்னால் இருந்த மனிதரைக் கண்டோம்.

முதுமையில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. கிதாபுல் ஹயவானை எழுதும்போதே நோய் வாட்டியதை அந்நூலில் குறிப்பிடுகிறார். அந்நூலின் தொடக்கமும் விநோதமானது. தம் நூல்களைக் குறை சொன்ன ஒருவரை நோக்கி, இன்ன நூலைக் குறை சொன்னீர், இன்ன நூலையும் குறை சொன்னீர் என்று வரிசையாக அடுக்குகிறார். வாசகர் படித்து முடிக்கும்போது ஜாஹிழின் நூற்பட்டியலே கையில் இருக்கும். எதிரியின் வசையையே தம் நூல்களுக்கு விளம்பரமாக்கிவிட்டார்!

அதே நூலில் எழுதுவோருக்கு ஓர் அறிவுரையும் தருகிறார். படிப்பவர்கள் எல்லாரும் தனக்கு எதிரிகள், எல்லாரும் விஷயம் அறிந்தவர்கள், எல்லாரும் தன் நூலை ஆராய்வதற்கென்றே ஓய்வாக இருப்பவர்கள் என்று எண்ணித்தான் ஒருவர் எழுத வேண்டும் என்பது அதன் கருத்து. பொறாமையால் புண்பட்டவர், அந்தப் பொறாமையையே தம் எழுத்தைத் திருத்தும் கருவியாக்கிக்கொண்டார்.

ஹிஜ்ரி 255-ல் (கி.பி. 869) பஸ்ராவில் அவர் காலமானார். அடுக்கிவைத்த நூல்கள் சரிந்து விழுந்து இறந்தார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதையோ நிஜமோ, அவர் வாழ்க்கைக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அதைவிட வியப்பானது பிறகு நடந்தது. அல்-மஹாஸின் வல்-அள்தாத் போன்ற, அவர் எழுதாத நூல்கள் அவர் பெயரில் உலவத் தொடங்கின. தம் நூல் விலைபோகப் பிறர் பெயரைத் தேடியவரின் பெயரை, தம் நூல் விலைபோகப் பிறர் தேடினார்கள்.

இன்று நம் ஊர்களிலும் சொந்தக் காசில் நூல் அச்சிட்டு, விற்காமல் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மார்க்க விஷயத்தில் எழுதியவர் யார் என்று விசாரிப்பது அவசியம்தான். ஆனால் நம் தெருக்காரர்தானே, இவர் என்ன எழுதிவிடப்போகிறார் என்று புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுக்குவது விசாரணை ஆகாது. திருமண வீட்டுக்கும் பிள்ளைகளின் தேர்ச்சிக்கும் அன்பளிப்பு வாங்கும்போது அவர்களுடைய நூல் ஒன்றை விலை கொடுத்து வாங்குவோம். படித்துப் பார்த்து, நிறைகுறையை அவர்களிடமே நேரில் சொல்வோம்.

ஏடுகள் இருந்த அந்தத் தட்டைப் பார்த்து உதவ ஒரு முவைஸ் இருந்தார். நம் ஊரில் அந்த இடத்தில் நாம் இருக்கலாமே.