திப்புவின் வைரம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

பிறர் பொருள் வீட்டிற்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்பார் என் தந்தை. ஆம்பூர்த் தோல் கம்பெனியில் உழைத்து, எங்கள் வீட்டில் முதன்முதலாக என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். அந்தச் சொல்லை நினைவூட்டியது மாவீரன் திப்புவின் வரலாறு.

ஆர்க்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் பெயரைத்தான் ஹைதர் அலி தம் மகனுக்குச் சூட்டினார். 1780இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படையை முறியடித்தார் திப்பு. அந்தப் படையெடுப்பில் ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்ததையும் மறைப்பதற்கில்லை. 1782இல் தந்தை மறைய, அரியணை ஏறினார். 1792இல் பாதி நாட்டை இழந்து, தம் இளம் புதல்வர் இருவரைப் பிணையாகக் கொடுத்தார். 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் வாளேந்திப் போரிட்டு மடிந்தார். அவருடைய பொன் அரியணையை வென்றவர்கள் உடைத்துப் பங்கிட்டனர்.

அந்தக் கொள்ளையிலிருந்தே தொடங்குகிறது, ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'மூன்ஸ்டோன்' என்னும் நாவல். சந்திரக் கடவுளின் வைரம் ஒன்று திப்புவின் குத்துவாள் பிடியில் பதிந்திருக்கிறது. ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து அதைக் கவர்கிறான். சாபம் கல்லோடு இங்கிலாந்து சென்று, அவன் உறவினர் வீட்டையே கலைக்கிறது. முடிவில் வைரம் சோமநாதபுரம் திரும்புகிறது. அந்த வைரம் வெறும் கற்பனையே.

உண்மையில் நடந்ததென்ன? துன்பம் பறிகொடுத்தவரையே தொடர்ந்தது! திப்புவின் மக்கள் நம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். தோல் சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகையை அணியவும், நெற்றிக் குறியை நீக்கவும் கட்டளை பிறந்தபோது சிப்பாய்கள் கொதித்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது, அன்றே வீழ்ந்தது. இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அப்படியானால் என் தந்தையின் சொல் பொய்யா? வேதியியல் படிப்பவன் சொல்கிறேன்: வைரமும் கரியே. கரிக்குச் சபிக்கத் தெரியாது. ஆனால், 69 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கொள்ளையைக் குற்றமெனச் சொல்லி அந்நாட்டாரே ஒருவர் கதை எழுதினாரே, அந்த உறுத்தல்தான் சாபம். கல் கைமாறலாம், பழி கைமாறாது. கோட்டை அகழியைக் கடக்கும்போதெல்லாம் இதை நினைப்போமாக!