இராமானுஜன் தவறவிட்ட ஓர் எண்

மட்டக்களப்பு வாவியில் பிடித்த 12 நண்டுகளை 2, 3, 4, 6 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம்; 11 என்றால் சிக்கல்தான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட 12 போன்ற சேர்த்தி எண்களை ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர், கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். இவ்வெண்கள் பற்றிய அவரது கட்டுரை 1915இல் வெளியானது. மறு ஆண்டே பட்டமும் கிடைத்தது.

அதிலுள்ள பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800, காரணிகள் 10,080. அதை 23ஆல் வகுத்தால் வரும் 293,318,625,600 என்ற எண்ணுக்கு 5,040 காரணிகள். அதுவும் பட்டியலில் இருந்திருக்க வேண்டியதே, விடுபட்டுவிட்டது.

கணினி இல்லாத காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கண்டவர் விட்டது ஒன்றுதான். 1920இல், 32 வயதில் அவர் காலமானார்.